பழைய ஆறு சிலிண்டரை விட்டுவிட்டு டர்போ வண்டிக்கு மாறலாமா?

வாசகர் ஒருவர் நீளமான கடிதம் எழுதியிருக்கிறார். பெயர், வண்டியின் மாடல் இரண்டையும் எடுத்துவிட்டு விஷயத்தை மட்டும் சொல்கிறேன். அவருக்கு வயது 53. 13 வருடமாக ஒரே சொகுசு செடான் வைத்திருக்கிறார். 3.0 லிட்டர், ஆறு சிலிண்டர், டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜின், 1,60,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. போன மாதம் பானெட்டைத் திறந்து பார்த்த சர்வீஸ் ஆட்கள், வால்வு கவர் கேஸ்கெட்டில் ஆயில் கசிகிறது, வாட்டர் பம்ப்பும் போகிற நிலையில் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, "இதற்குச் செலவு பண்ணுவதற்குப் புதுசே வாங்கிவிடலாம் சார்" என்று ஒரு யோசனையும் இலவசமாகக் கொடுத்திருக்கிறார்கள். சரி என்று ஷோரூமுக்குப் போனால், அதே மாடலின் புது வண்டியில் இப்போது 2.0 லிட்டர் நான்கு சிலிண்டர் டர்போதான் வருகிறதாம். ஆறு சிலிண்டர் வேண்டுமென்றால் மேல் வேரியன்ட்டுக்குப் போக வேண்டும், அதிலும் டர்போதான்.

டெஸ்ட் டிரைவ் பற்றி அவர் எழுதியதை அப்படியே தருகிறேன்: "ஒரு சந்திப்பில் நிறுத்தியிருந்தேன். இடைவெளி கிடைத்ததும் ஆக்சிலரேட்டரை மிதித்தேன். ஒரு நொடி ஒன்றுமே நடக்கவில்லை. அடுத்த நொடி யாரோ பின்னாலிருந்து பிடித்துத் தள்ளிவிட்ட மாதிரி பாய்ந்தது. சத்தம் தையல் மெஷின் மாதிரி இருந்தது." வண்டியின் பின்னால் இருக்கும் எண் பெரிய இன்ஜின் இருப்பதுபோல் காட்டுவதும் அவருக்கு எரிச்சல், "ஏமாற்றுகிறார்கள்" என்கிறார். மகன், "எல்லாரும் டர்போவுக்குப் போய்விட்டார்கள் அப்பா, மேலே ஒரு டியூனிங் பாக்ஸ் போட்டால் இன்னும் பறக்கும்" என்கிறார். நண்பரோ டர்போ 80,000 கிலோமீட்டர் தாண்டாது என்று பயமுறுத்துகிறார். அந்த நண்பரின் வண்டியில் டர்போ வாரண்டி காலத்துக்குள்ளேயே போய்விட்டது, ஆயில் மாற்றியது தாமதம் என்று சொல்லி வாரண்டியையும் மறுத்துவிட்டார்கள். "நான் பழையதைச் சரிசெய்வதா, புதியதை வாங்குவதா? டர்போவை நம்பலாமா? நிறுத்துவதற்கு முன் இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓட விட வேண்டுமா? எனக்கு இது பிடிக்காமல் போனதற்குக் காரணம் வயசா?" இவ்வளவும் கேட்டிருக்கிறார்.

அன்புள்ள ஐயா,

கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், மற்றதெல்லாம் அதற்குள்ளேயே இருக்கிறது. இதில் வயசுக்குச் சம்பந்தமில்லை. உங்கள் கால் சொன்னது சரிதான்.

உங்கள் பழைய இன்ஜினில் பிஸ்டன் கீழே இறங்கும்போது வெளிக்காற்று தானாக உள்ளே வருகிறது. நீங்கள் ஆக்சிலரேட்டரை அரை அங்குலம் கூடுதலாக மிதித்தால் காற்று வரும் வழியில் இருக்கும் த்ராட்டில் என்ற மூடி அதற்கேற்றபடி திறக்கிறது, அடுத்த சுற்றிலேயே அந்தக் காற்று சிலிண்டருக்குள் இருக்கிறது. காலுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் காத்திருக்க வேண்டிய ஆள் யாரும் இல்லை. டர்போவில் கதை வேறு. சைலன்சருக்குப் போகிற புகைதான் ஒரு டர்பைனைச் சுழற்றுகிறது, அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரம் காற்றை அழுத்தி உள்ளே தள்ளுகிறது. கூடுதல் காற்று வேண்டுமென்றால் முதலில் கூடுதல் புகை வர வேண்டும், கூடுதல் புகைக்குக் கூடுதல் காற்று வேண்டும். கடன் வாங்கிக் கடன் அடைக்கிற மாதிரி ஒரு சங்கிலி. அது சுழன்று வேகம் பிடிப்பதற்குள் கொஞ்ச நேரம் போய்விடுகிறது, பிடித்த பிறகு நீங்கள் கேட்டதைவிட அதிகமாகவே கொடுக்கிறது. நீங்கள் சொன்ன அந்தத் தள்ளல் அதுதான்.

இதை எண்களில் பார்ப்பது நல்லது. பிஎம்டபிள்யூ எம்3-இல் முன்பு 4.0 லிட்டர் வி8, அதாவது எட்டு சிலிண்டர் இன்ஜின் இருந்தது, டர்போ கிடையாது. 420 குதிரைசக்தி, ஆனால் அது கிடைக்க 8,300 ஆர்பிஎம் (இன்ஜின் நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கை) வரை ஏற்ற வேண்டும். டார்க், அதாவது இழுவை, 400 நியூட்டன் மீட்டர், அதுவும் 3,900 ஆர்பிஎம்மில். 2014-இல் வந்த அடுத்த எம்3-இல் 3.0 லிட்டர் ஆறு சிலிண்டர் இரட்டை டர்போ. சக்தி 431, பெரிய வித்தியாசமில்லை. டார்க்கைப் பாருங்கள்: 550, அது 1,850 ஆர்பிஎம்மிலேயே வந்துவிடுகிறது. அதாவது நெடுஞ்சாலையில் முந்தும்போது, ஏற்றத்தில், வண்டி நிறைய ஆட்களோடு போகும்போது டர்போ இன்ஜின் அலட்டிக்கொள்ளாமல் இழுக்கும், பழைய வி8-க்கு இரண்டு கியர் இறங்க வேண்டியிருக்கும். சாதாரணமாகத் தினமும் ஓட்டுபவருக்கு அந்த இரண்டாயிரம் ஆர்பிஎம் பக்கம்தான் வாழ்க்கையே. அதனால்தான் பெரும்பாலானவர்கள் டெஸ்ட் டிரைவ் முடிந்து சிரித்துக்கொண்டே இறங்குகிறார்கள். நீங்கள் சிரிக்காததற்குக் காரணம், 13 வருடமாக ஒரு நேர்கோட்டுக்குப் பழகிய கால் உங்களுடையது.

ஆனால் ஒரு திருத்தம். அந்த ஒரு நொடி முழுவதையும் டர்போ தலையில் கட்டாதீர்கள். டெஸ்ட் டிரைவ் வண்டி சந்திப்பில் நின்றபோது ஸ்டார்ட்-ஸ்டாப் வசதி இன்ஜினைத் தானாக அணைத்திருக்கும், மிதித்ததும் முதலில் அது எழுந்திருக்க வேண்டும். ஷோரூம் வண்டி ஈகோ மோடில் இருந்திருந்தால், பாதி மிதித்தாலும் த்ராட்டிலைக் கால்வாசிதான் திறக்கச் சொல்லி வைத்திருப்பார்கள். கியர்பாக்ஸும் அதன் பங்குக்கு யோசிக்கும். டர்போவோடு இந்த மூன்று தாமதமும் சேர்ந்து ஒன்றாக உங்கள் காலுக்கு வந்திருக்கிறது. மறுபடி போங்கள், ஸ்டார்ட்-ஸ்டாப்பை அணையுங்கள், நார்மல் அல்லது ஸ்போர்ட் மோடில் வையுங்கள், அதே சந்திப்பில் அதே மாதிரி கிளம்புங்கள். அப்போதும் மிச்சமிருக்கிற தாமதம் எவ்வளவோ, அதுதான் டர்போவுடையது.

சத்தம் பற்றி நீங்கள் சொன்னதை நான் மறுக்க மாட்டேன். புகை வெளியே போகும் வழியில் ஒரு சக்கரம் குறுக்கே உட்கார்ந்திருந்தால் சத்தம் மழுங்கத்தான் செய்யும். புதிய வண்டிகளில் பெட்ரோல் புகையின் துகள்களைப் பிடிக்க ஃபில்டர் வேறு வந்துவிட்டது. 2011-இல் பிஎம்டபிள்யூ எம்5, 5.0 லிட்டர் வி10-ஐ விட்டுவிட்டு 4.4 லிட்டர் இரட்டை டர்போ வி8-க்கு மாறியபோது, உள்ளே இருக்கும் ஸ்பீக்கர் வழியாக இன்ஜின் சத்தத்தைச் சேர்த்துக் கொடுத்தார்கள். கல்யாண வீட்டில் ரெக்கார்டு போட்டு நாதஸ்வரம் கேட்கிற மாதிரிதான். கேட்க நன்றாகவே இருக்கும், ஆனால் வாசிக்கிற ஆள் அங்கே இல்லை என்பது தெரிந்துவிடும்.

பின்னால் இருக்கும் எண்ணும் மைலேஜும்

"ஏமாற்றுகிறார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். அந்த எண்ணுக்கும் இன்ஜின் அளவுக்கும் இருந்த உறவு எப்போதோ அறுந்துவிட்டது. பிஎம்டபிள்யூ 528ஐ என்ற பெயரில் முதலில் 3.0 லிட்டர் ஆறு சிலிண்டர் வந்தது, 258 குதிரைசக்தி. 2011-இல் அதே உடல், அதே பெயர், உள்ளே 2.0 லிட்டர் நான்கு சிலிண்டர் டர்போ, 245 குதிரைசக்தி. இரண்டுமே 2.8 லிட்டர் இல்லை. மெர்சிடிஸ் ஏஎம்ஜியின் 63 இன்னும் வேடிக்கை. அந்த எண் ஒட்டிய வண்டியில் முதலில் 6.2 லிட்டர் வி8, பிறகு 5.5 லிட்டர் இரட்டை டர்போ, பிறகு 4.0 லிட்டர் இரட்டை டர்போ. 2022-இல் அறிவித்த சி63-இல் 2.0 லிட்டர் நான்கு சிலிண்டரும் ஒரு மின்மோட்டாரும். எண் மட்டும் அசையவே இல்லை. அது இப்போது அந்த வரிசையில் வண்டியின் இடத்தைச் சொல்கிற எண், அவ்வளவுதான். எரிச்சல் நியாயம், ஆனால் இன்ஜின் அளவு விவரப் பட்டியலில் தெளிவாகவே இருக்கும், அதைப் படித்துவிட்டு வாங்க வேண்டியது நம் பொறுப்பு.

சின்ன டர்போ இன்ஜினுக்கு மாறியதை நிறுவனங்கள் ஆசைப்பட்டுச் செய்யவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஐரோப்பாவில் ஒரு நிறுவனம் விற்கும் எல்லா வண்டிகளின் சராசரி கார்பன் டை ஆக்சைடு 2015-இல் கிலோமீட்டருக்கு 130 கிராம் என்று வரம்பு வைத்தார்கள், 2021-க்கு 95 கிராம். தாண்டினால் அபராதம், ஒவ்வொரு வண்டிக்கும். இதை அளந்தது எப்படி? என்இடிசி என்ற பழைய சோதனையில். மொத்தம் 11 கிலோமீட்டர், 20 நிமிடம், சராசரி வேகம் மணிக்கு 34 கிலோமீட்டர்கூட இல்லை. அதன் நகரப் பகுதியில் நின்ற இடத்திலிருந்து மணிக்கு 50 கிலோமீட்டரை எட்ட 26 நொடி எடுத்துக்கொள்வார்கள். மாட்டு வண்டி கொஞ்சம் அவசரப்பட்டால் போட்டிக்கு வந்துவிடும். இப்படி மெதுவாகப் போகும்போது டர்போவுக்கு வேலையே இல்லை, ஒரு சின்ன இன்ஜின் சின்ன இன்ஜினாகவே பெட்ரோல் குடிக்கும். பெரிய இன்ஜினோ அதே மெதுவான ஓட்டத்தில் தன் சொந்த உராய்வையும் காற்றை இழுக்கிற சிரமத்தையும் தூக்கிக்கொண்டு திரியும். சோதனையில் சின்னது ஜெயிக்கும், தாளில் எண் அழகாக இருக்கும்.

சாலையில் நீங்கள் அந்த டர்போவை வேலை வாங்கினால், உள்ளே போகும் காற்றுக்கு ஏற்றபடி பெட்ரோலும் போயாக வேண்டும். அழுத்தி ஓட்டும்போது புகையின் சூட்டைக் குறைக்கவே கூடுதலாகப் பெட்ரோல் தெளிக்கிற பழக்கமும் பல இன்ஜின்களுக்கு உண்டு. அதனால் மைலேஜ் கால் வைக்கிற விதத்தைப் பொறுத்து டர்போவில் ரொம்பவே ஆடும். 2017 செப்டம்பரிலிருந்து வந்த டபிள்யூஎல்டிபி சோதனை முன்பைவிட நிஜத்துக்கு நெருக்கம், பழைய எண்களோடு அதை ஒப்பிட வேண்டாம். சில நாடுகளில் இன்ஜின் அளவுக்கேற்ப வரி போடுகிறார்கள், அதுவும் சின்ன இன்ஜினுக்குத் தள்ளிய காரணங்களில் ஒன்று.

டர்போ நிஜமாகவே சீக்கிரம் போய்விடுமா?

உங்கள் நண்பர் சொன்னதை நம்பி முடிவெடுக்காதீர்கள். அதே சமயம் அவரைப் பொய்யர் என்றும் நான் சொல்லவில்லை.

டர்போ புதுப் பொருள் இல்லை. சுவிஸ் பொறியாளர் ஆல்ஃபிரட் பூச்சி அதற்குக் காப்புரிமை எடுத்தது 1905-இல். 1962-இலேயே ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர் என்ற காரில் வந்துவிட்டது. அந்தக் காலத்து டர்போவைச் சமாளிக்க மெத்தனாலும் தண்ணீரும் கலந்த ஒரு திரவத்தைத் தனி டாங்கில் ஊற்ற வேண்டியிருந்தது, ஊற்ற மறந்தவர்கள் நிறையப் பேர். பெரிய லாரிகள் எல்லாம் பல லட்சம் கிலோமீட்டர் டர்போவோடுதான் ஓடுகின்றன. ரோல்ஸ்ராய்ஸ் ஃபாண்டம் 2017-இல் டர்போவுக்கு மாறியபோது இன்ஜின் அளவைக்கூடக் குறைக்கவில்லை. 6.75 லிட்டர் வி12 அப்படியே, டார்க் மட்டும் 720-இலிருந்து 900 ஆனது, அதுவும் 1,700 ஆர்பிஎம்மில். சீக்கிரம் போய்விடுகிற பொருளாக இருந்தால் அமைதிக்குப் பெயர் போன அந்த வண்டியில் அதை வைத்திருக்க மாட்டார்கள்.

பழுதான டர்போவை நான் கையில் எடுத்துப் பார்க்கும்போது முதலில் செய்வது, காற்று நுழையும் பக்கம் விரலை விட்டுத் தண்டின் நுனியைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுவது. லேசாக ஓர் ஆட்டம் இருக்கத்தான் வேண்டும், ஏனென்றால் அந்தத் தண்டு ஓடும்போது பேரிங்கைத் தொடுவதே இல்லை, ஆயிலின் மெல்லிய படலத்தில் மிதக்கிறது. ஆனால் சக்கரத்தின் ஓரம் கூட்டில் உரசுகிற அளவுக்கு ஆடினால் கதை முடிந்தது. அடுத்து ஆயில் வரும் சின்னக் குழாயைக் கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடிப்பேன். நல்ல குழாயில் மறுபக்கம் தெரியும். கெட்டதில் தீய்ந்துபோன தோசைக்கல் மாதிரி கருப்பாக, மொறமொறவென்று அடைத்திருக்கும். நிமிடத்துக்கு 1,50,000-க்கும் மேல் சுற்றுகிற தண்டு அது, பக்கத்திலேயே பெட்ரோல் புகை 900 டிகிரிக்கு மேல் கொதிக்கிறது. அந்த இடத்தில் ஆயில் சில நொடி வராமல் போனாலே போதும்.

நான் தொழில் கற்ற புதிதில் ஒரு வண்டிக்குப் புது டர்போ மாட்டினேன், பழைய குழாயைத் துடைத்துவிட்டு அதையே போட்டேன். இரண்டே மாதத்தில் வண்டி நீலப் புகையோடு திரும்பி வந்தது. டர்போ புதுசு, ஆயில் போன வழி பழசு. அன்றைக்குக் கிடைத்த திட்டு இன்னும் காதில் இருக்கிறது.

நான் பார்த்த வரையில் டர்போ தானாகச் செத்ததைவிட ஆயிலால் கொல்லப்பட்டதுதான் அதிகம். ஆயில் மாற்றத்தை 20,000, 25,000 கிலோமீட்டர் வரை இழுக்கலாம் என்று சில நிறுவனங்கள் சொல்லும், முதல் சொந்தக்காரருக்கு அது சௌகரியம். பத்து வருடம் வைத்திருக்க நினைக்கிற உங்களைப் போன்றவர் 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், இதில் எது முதலில் வருகிறதோ அதற்கு மாற்றிவிடுங்கள். கையேட்டில் எழுதியிருக்கும் ஆயில் தரத்தையே போடுங்கள். சின்ன டர்போ இன்ஜின்களில் குறைந்த ஆர்பிஎம்மில் முழுக்க மிதிக்கும்போது, ஸ்பார்க் வருவதற்கு முன்பே கலவை தீப்பிடித்துப் பிஸ்டனையே உடைக்கிற ஒரு கோளாறு உண்டு. அதைத் தடுக்கவே 2018-இல் ஏபிஐ எஸ்என் பிளஸ், 2020-இல் ஏபிஐ எஸ்பி என்று தனித் தர ஆயில்கள் வந்தன. மலிவாகக் கிடைக்கிறது என்று பழைய தரத்தை ஊற்றினால் மிச்சமாகிற பணம் எங்கே போகும் என்பது தெரிந்ததே.

நிறுத்துவதற்கு முன் இன்ஜினை ஓட விட வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். வீட்டுக்கு வருகிற கடைசி சில நிமிடம் மெதுவாக ஓட்டினாலே போதும். இப்போதைய டர்போக்களைச் சுற்றிக் கூலன்ட் ஓடுகிறது, சில வண்டிகளில் இன்ஜினை அணைத்த பிறகும் மின்பம்ப் கொஞ்ச நேரம் ஓடிக்கொண்டே இருக்கும். நெடுஞ்சாலையில் வேகமாக வந்து சட்டென்று ஓய்விடத்தில் நிறுத்தினாலோ, நீண்ட ஏற்றம் ஏறி முடித்தாலோ மட்டும் ஒன்றிரண்டு நிமிடம் விடுங்கள். காலையில் ஸ்டார்ட் செய்து ஆயில் சூடாவதற்கு முன் அழுத்தி மிதிக்காமல் இருப்பதுதான் இதைவிட முக்கியம், அதை யாரும் கேட்பதே இல்லை.

இன்னொரு ஊகத்தையும் திருத்த வேண்டியிருக்கிறது. டர்போ இல்லாவிட்டால் தொல்லை இல்லை என்பது உண்மையில்லை. 8,000 ஆர்பிஎம்முக்கு மேல் சுற்றிய சில பிரபலமான டர்போ இல்லாத இன்ஜின்களில் கனெக்டிங் ராடு பேரிங் தேய்ந்து, அதை முன்கூட்டியே மாற்றுவது ஒரு வழக்கமான வேலையாகவே ஆகிவிட்டது. காற்று நுழையும் இன்டேக் வால்வில் கரி படிவது சிலிண்டருக்குள் நேரடியாகப் பெட்ரோல் தெளிக்கும் முறையால் வருவது, டர்போ இல்லாதவற்றிலும் வரும்.

நண்பரின் வாரண்டியும் மகனின் டியூனிங் பாக்ஸும்

நண்பருக்குச் சொல்லுங்கள்: வாரண்டி இல்லை என்று வாயால் சொன்னதோடு விட வேண்டாம். எந்த விதியின் கீழ், எந்தக் காரணத்தால் மறுக்கிறோம் என்று எழுத்தில் கேட்கட்டும். ஆயில் மாற்றத் தாமதமானது என்பது வேறு, அந்தத் தாமதத்தால்தான் டர்போ போனது என்பது வேறு. இரண்டாவதுக்கு அவர்கள் காட்ட வேண்டியது கரி அடைத்த குழாய், தேய்ந்த பேரிங், படம் எடுத்த அறிக்கை. கழற்றிய டர்போவைத் தூக்கிப் போட விடாமல் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வது நல்லது, பின்னால் வேறு பொறியாளரிடம் காட்டவோ நுகர்வோர் மன்றத்துக்குப் போகவோ அதுதான் சாட்சி. தாமதம் சில நூறு கிலோமீட்டர்தான் என்றால் அவர் வாதத்துக்குப் பலம் இருக்கிறது. இரண்டு ஆயில் மாற்றத்தைத் தவறவிட்டிருந்தால், வருத்தத்தோடுதான் சொல்கிறேன், எழுந்து நிற்காது.

மகனிடம் பேசும்போது கோபப்பட வேண்டாம், டியூனிங் பாக்ஸ் நிஜமாகவே வேலை செய்யும் என்பதுதான் அதில் இருக்கிற ஆபத்து. சென்சாரை ஏமாற்றி அல்லது கம்ப்யூட்டரை மாற்றி எழுதி அழுத்தத்தைக் கூட்டினால் சக்தி வரும். அதோடு டர்போவின் வேகம், புகையின் சூடு, கியர்பாக்ஸ் தாங்க வேண்டிய டார்க் எல்லாம் சேர்ந்து ஏறும். கழற்றி வைத்துவிட்டால் தெரியாது என்று விற்பவர்கள் சொல்வார்கள். பல வண்டிகளில் கம்ப்யூட்டரை எத்தனை முறை திருப்பி எழுதினார்கள், அழுத்தம் எவ்வளவு போனது என்பதெல்லாம் பதிவாகி இருக்கும். வாரண்டி முடியும் வரை வேண்டாம், முடிந்த பிறகும் நீங்கள் இப்போது குறைப்படுகிற அந்தத் தாமதத்தை அது போக்காது.

சரி, என்ன செய்யலாம்?

வால்வு கவர் கேஸ்கெட்டும் வாட்டர் பம்ப்பும் இந்த வயதுக்கு வருகிற சாதாரண வேலைகள். இன்ஜின் போய்விட்டது என்பதற்கு அறிகுறி இல்லை. இதற்காக ஒரு வண்டியைத் தள்ளிவிடச் சொல்வது, பல் கூசுகிறது என்று போனவரிடம் மொத்தப் பல்லையும் எடுத்துவிடலாம் என்பது போல. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு செலவழிக்கவும் சொல்ல மாட்டேன். முதலில் வண்டியை லிஃப்டில் ஏற்றி அடிப்பகுதியில் துரு, சஸ்பென்ஷன் இணைப்புகள், பிரேக் குழாய் பார்க்கச் சொல்லுங்கள். ஆறு சிலிண்டரிலும் கம்ப்ரெஷன், அதாவது பிஸ்டன் காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்பதை, அளந்து எழுதி வாங்குங்கள். ஆறும் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்து உடலும் நன்றாக இருந்தால், என் கருத்தில் நீங்கள் இந்த வண்டியை இன்னும் நான்கைந்து வருடம் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். இனி இப்படி ஓர் இன்ஜின் புதிதாக உங்களுக்குக் கிடைப்பது கஷ்டம். அடிப்பகுதி அரித்திருந்தாலோ, கியர்பாக்ஸ் தகராறு செய்தாலோ ஆசையை விட்டுவிடுங்கள். பாதுகாப்பு விஷயத்தில் புது வண்டி 13 வருடம் முன்னே இருக்கிறது என்பதும் உண்மை, குடும்பத்தோடு அடிக்கடி தூரம் போகிறவர் என்றால் அதற்குக் கூடுதல் எடை கொடுங்கள்.

புதியது வாங்குவதாக முடிவெடுத்தால், அந்த 2.0 லிட்டரை நான் உங்களுக்குப் பரிந்துரைக்க மாட்டேன். கெட்ட இன்ஜின் என்பதற்காக இல்லை. கனமான சொகுசு வண்டியில் சின்ன இன்ஜின் இருந்தால் டர்போ ஓயாமல் வேலை செய்ய வேண்டியிருக்கும், நீங்கள் வெறுத்த அந்தத் தாமதமும் தள்ளலும் அங்கேதான் அதிகம் தெரியும். 3.0 லிட்டர் ஆறு சிலிண்டர் டர்போ வேறு ஜாதி. அது டர்போ எழுவதற்கு முன்பே தன் சொந்த பலத்தில் வண்டியை நகர்த்திவிடும். இப்போது பலவற்றில் 48 வோல்ட் மின்உதவியும் சேர்ந்துவிட்டது, கிளம்பும் அந்த முதல் நொடியில் மின்மோட்டார் லேசாகத் தள்ளிக் கொடுக்கும். மெர்சிடிஸ் 2017-இல் கொண்டுவந்த ஆறு சிலிண்டரில் புகைக்குக் காத்திராமல் மின்சாரத்தில் சுழலும் ஒரு தனி கம்ப்ரெஸரையே வைத்தார்கள், 0.3 நொடியில் 70,000 ஆர்பிஎம் தொடும். பணம் இடம் கொடுத்தால் இந்தப் பக்கம் போங்கள். உயரமான மலைப் பாதைகளில் ஓட்டுபவராக இருந்தால் டர்போவின் இன்னொரு நன்மையும் தெரியவரும். 1,000 மீட்டர் ஏறினால் டர்போ இல்லாத இன்ஜின் சுமார் 10 சதவீத பலத்தை இழந்துவிடும், டர்போ பெரும்பாலும் அதை ஈடுகட்டிக்கொள்ளும்.

இரண்டுமே வேண்டாம் என்றால் மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது, ஷோரூமில் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். டர்போ இல்லாத இன்ஜினோடு ஹைபிரிட் சேர்ந்த வண்டி. லெக்சஸ் இஎஸ் 300எச் ஓர் உதாரணம், 2.5 லிட்டர் நான்கு சிலிண்டரும் மின்மோட்டாரும். கிளம்பும்போது மின்மோட்டார் உடனே இழுக்கும், கால் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் அழுத்தி மிதித்தால் இன்ஜின் ஒரே சுருதியில் கத்தும், ஆறு சிலிண்டர் படிப்படியாக மேலே ஏறுகிற இன்பத்தை அதில் தேடாதீர்கள். நீங்கள் நிதானமாக ஓட்டுபவர் என்றால் பொருந்தும். முழு மின்சார வண்டி இந்தத் தாமதப் பிரச்சினையை அடியோடு ஒழித்துவிடும், சார்ஜ் செய்ய வீட்டில் இடம் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது, அதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, விட்டுவிடுகிறேன்.

உங்களைப் போல் முகம் சுளித்தவர்கள் நிறையப் பேர் என்பதற்கு ஒரு சாட்சியும் உண்டு. போர்ஷே 2016-இல் 718 பாக்ஸ்டர், கேமன் இரண்டிலும் ஆறு சிலிண்டரை எடுத்துவிட்டு நான்கு சிலிண்டர் டர்போ வைத்தது. வேகம் கூடியது, வாங்கியவர்களின் முணுமுணுப்பும் கூடியது. 2020-இல் ஜிடிஎஸ் வேரியன்ட்டில் டர்போ இல்லாத 4.0 லிட்டர் ஆறு சிலிண்டர் திரும்பி வந்தது. 911 ஜிடி3-க்கு அதை அவர்கள் எடுக்கவே இல்லை, இன்றும் 9,000 ஆர்பிஎம் வரை ஏறுகிறது. ஃபெராரி தன் வி8-ஐ 2014-இல் கலிபோர்னியா டி, 2015-இல் 488 ஜிடிபி மூலம் டர்போவுக்கு மாற்றியது, வி12-ஐ மட்டும் தொடாமல் வைத்திருக்கிறது. ஆனால் இதெல்லாம் விளையாட்டு வண்டிகளின் கதை. நான்கு கதவு செடானில் இந்தத் திரும்பி வருதலை எதிர்பார்த்து நீங்கள் காத்திருக்க வேண்டாம்.

முடிவெடுப்பதற்கு முன் 3.0 டர்போவை அரை மணி நேரமாவது ஓட்டுங்கள், விற்பனை ஆள் பேசிக்கொண்டே வந்தால் பத்து நிமிடம் பேசாமல் இருக்கச் சொல்லுங்கள், ரேடியோவையும் அணையுங்கள். நெரிசலில் ஊர்ந்து பாருங்கள், சந்திப்பில் கிளம்பிப் பாருங்கள், மணிக்கு 40-இல் போய்க்கொண்டிருக்கும்போது பாதி மட்டும் மிதித்து எப்படி எழுகிறது என்று பாருங்கள். முழுக்க மிதித்துப் பார்ப்பது வேண்டாம், அதில் எல்லா டர்போவும் நன்றாகத்தான் இருக்கும்.

அதற்குள் பழைய வண்டியின் கம்ப்ரெஷன் தாள் வந்திருந்தால் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். அதுவரை கூலன்ட் அளவையும் சூட்டு முள்ளையும் தினமும் ஒரு பார்வை பாருங்கள், முள் நடுவைத் தாண்டினால் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுங்கள், வீடு வரை போய்விடலாம் என்று இழுக்காதீர்கள். வாட்டர் பம்ப் மாற்றும்போது தெர்மோஸ்டாட்டையும் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள், அதற்கும் இதற்கும் கழற்ற வேண்டிய பாகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான்.